மூன்று பழைய ஆல்டோ சாக்ஸபோன்களில் எதை வைப்பது, எதை விற்பது?

சிகாகோவுக்கு வந்த பத்து வருடத்தில் என்னிடம் மூன்று பழைய ஆல்டோ சாக்ஸபோன்கள் சேர்ந்துவிட்டன. 1920களின் புஷர் ட்ரூ டோன், 1930களின் கடைசியில் வந்த கான் 6எம், 1960களின் செல்மர் மார்க் சிக்ஸ். முதல் இரண்டும் இங்கிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் இண்டியானாவின் எல்கார்ட் ஊரில் செய்தவை. மூன்றாவது பிரான்ஸ்.

மூன்றுக்கும் பேட் (ஓட்டைகளை மூடும் தோல் மெத்தை) மாற்றிப் பராமரிக்கக் கட்டுப்படியாகாது. ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை விற்பது என்று தீர்மானித்தேன். எதை வைப்பது என்று தெரிய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. கீழே உள்ள வரிசையில் போயிருந்தால் ஒரு மாதம் போதும்.

படி 1: வரிசை எண்ணைப் பாருங்கள்

சாக்ஸின் பின்பக்கம், வலது கட்டைவிரல் கொக்கி இருக்கும் பகுதியில் எண் பொறித்திருக்கும். அந்தக் காலத்துக் கான் என்றால் எண்ணோடு 'எல்' அல்லது 'எச்' என்று ஓர் எழுத்து இருக்கும். புஷரில் 'லோ பிட்ச்' என்று முழுதாகவே அடித்திருப்பார்கள். எல் என்றால் லோ பிட்ச், இன்றைய சுருதி, அதாவது ஏ சுரம் நொடிக்கு 440 அதிர்வு. எச் என்றால் ஹை பிட்ச், ஏ 457 பக்கம். அரை சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் பகுதியை) வெளியே இழுத்து இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ஓட்டைகளின் இடைவெளியே வேறு கணக்கில் போட்டது. உங்களுடையது எச் என்றால் யோசிக்கவே வேண்டாம், விற்கும் பட்டியலில் போடுங்கள். ஹை பிட்ச் என்று விளம்பரத்தில் தெளிவாக எழுதி விற்க வேண்டும்.

படி 2: நெக், லாக்கர்

நெக்கை, அதாவது மவுத்பீஸ் மாட்டும் வளைந்த மேல் குழாயை, கழற்றிப் பக்கவாட்டில் பாருங்கள். வளைவு கீழே அமுங்கி, குழாய் உருண்டை போய் முட்டை வடிவமாகியிருந்தால் யாரோ அழுத்தி வளைத்திருக்கிறார்கள். நல்ல ரிப்பேர்காரர் நிமிர்த்திவிடுவார், ஆனால் செலவு. பெல்லில் (விரிந்த வாய்ப்பகுதியில்) உள்ள பூவேலை மழுங்கி, அதன் மேலேயே லாக்கர் (பளபளப்புப் பூச்சு) ஓடியிருந்தால் அது மறுபூச்சு. மறுபூச்சு என்றால் விலை நன்றாகவே இறங்கும். வாசிக்கிறவருக்கு அது பெரிய குறையில்லை என்பது என் கருத்து. என் மார்க் சிக்ஸ் மறுபூச்சுதான்.

படி 3: லீக்கை (காற்றுக் கசிவை) அடைக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கான் 6எம்மில் லோ டிக்குக் (கீழ் ஸ்தாயி டி சுரத்துக்கு) கீழே போனாலே சத்தம் கொப்பளிக்கும். பி ஃப்ளாட் வரவே வராது. "இந்தச் சாக்ஸே இப்படித்தான்" என்று நினைத்து விற்பனைக்குப் போட்டுவிட்டேன்.

லீக் லைட் வாங்குங்கள். நீளக் கம்பி மாதிரி உள்ளே இறங்கும் எல்இடி போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே விட்டு, கீகளை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். விரலை வைத்த மாதிரி மட்டும் மூட வேண்டும். நான் முதல் தடவை இறுக்கி அழுத்தினேன்; பேட் நசுங்கி ஓட்டையை அடைத்துக்கொண்டது, வெளிச்சமே தெரியவில்லை. எல்லாம் சரி என்று எழுந்துவிட்டேன்.

லைட் இருந்தாலும் சிகரெட் பேப்பரை நான் விடமாட்டேன். மெல்லிய துண்டாக வெட்டி, பேடுக்கும் ஓட்டையின் விளிம்புக்கும் நடுவே வைத்து, கீயை மெல்ல மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் லீக் அங்கேதான்.

அடுத்து ஜி ஷார்ப். வலது கையால் எஃப் கீயை மூடிக்கொண்டு, இடது சுண்டு விரலால் ஜி ஷார்ப் கீயை அழுத்துங்கள். ஜி ஷார்ப் மூடி துளிக்கூட எழும்பக் கூடாது. பல சாக்ஸ்களில் லோ பி, பி ஃப்ளாட் அழுத்தும்போது இந்தக் கீயும் கூடவே அழுந்தும். மூடி ஒரு மயிரிழை எழும்பினாலும் கீழ் சுரங்கள் போச்சு. சும்மா இருக்கும்போது ஸ்பிரிங் அதை மூடியே வைத்திருக்கும் என்பதால் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்குச் சிக்காது.

என் கானில் அந்த மூடியை அமுக்கிப் பிடிக்கும் உலோகக் கைக்கு அடியில் இருந்த கார்க் விழுந்திருந்தது. பழுப்பு நிறப் பசைத் தடம் மட்டும் மிச்சம். ஒரு மில்லிமீட்டர் கார்க்கில் சின்னத் துண்டு வெட்டி ஒட்டினேன். பி ஃப்ளாட் அறை அதிர வந்தது. அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.

புஷர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பேடின் நடுவே பொத்தான் மாதிரி அழுத்தி மாட்டும் உலோகத் தட்டு இருந்தால் அது அசல் ஸ்னாப் பேட் அமைப்பு. சாதாரண பேட் ஒட்டுவதற்காக அதன் முளையை வெட்டி எடுக்கும் ரிப்பேர்காரர்கள் உண்டு. வெட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விற்கும்போது அதற்கு மதிப்பு இருக்கிறது.

படி 4: பெயர் தெரியாமல் கேளுங்கள்

ஒரே மவுத்பீஸ், ஒரே ரீட் (மவுத்பீஸில் மாட்டும் நாணல் தகடு). போனை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, மூன்றிலும் ஒரே பகுதியை வாசித்துப் பதிவு செய்யுங்கள். கோப்புகளின் பெயரை வீட்டில் யாராவது மாற்றி வைக்கட்டும். ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள்.

நீங்கள் எதை வாசிக்கிறீர்கள் என்பதும் இங்கே வந்துவிடும். நான் வாசிப்பது கர்நாடக சங்கீதம். ஆல்டோவில் கமகம் வரும் என்று கத்ரி கோபால்நாத் காட்டிய பிறகு வந்த பலரில் நானும் ஒருவன். மார்க் சிக்ஸில் ஒவ்வொரு சுரமும் அதன் இடத்தில் உறுதியாக நிற்கும். இன்றைய சாக்ஸ்களின் கீ அமைப்பும் பெரும்பாலும் அதன் வழியில் வந்ததுதான், விரலுக்கு அவ்வளவு சுகம். என் கானிலோ உதட்டைச் சற்றே தளர்த்தினால் சுரம் வளைந்து கொடுக்கும். தோடியின் காந்தாரத்தை அசைத்தபோது மார்க் சிக்ஸ் முரண்டு பிடித்தது, கான் கூடவே வந்தது. நீங்கள் பிக் பேண்டில் (பெரிய ஜாஸ் குழுவில்) உட்காருபவர் என்றால் இதே காரணத்துக்காகவே மார்க் சிக்ஸை வைத்துக்கொள்வீர்கள், அது நியாயம்.

கானை வைத்துக்கொண்டேன். அதன் சுண்டு விரல் கீகள் கனம்தான், பழகிவிட்டது. மார்க் சிக்ஸ் விற்ற பணத்தில் கானுக்கு முழுதாக பேட் மாற்றினேன், மீதியும் இருந்தது.

படி 5: விற்பது

எண், பிட்ச், நெக், பூவேலை, பேட் ஆகியவற்றைக் கிட்டத்தில் படமெடுங்கள். குறையையும் படமெடுங்கள். வாசித்துக் காட்டும் வீடியோ ஒன்று போதும்.

பின்சேர்க்கை 1: "என் ட்ரூ டோன் மேல் ஸ்தாயியில் சுருதி சேரவில்லை, விற்றுவிடவா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் போட்டிருந்தது உள்ளறை குறுகலான புது மவுத்பீஸ் என்று பிறகு தெரிந்தது. 1920களின் சாக்ஸ்கள் அகன்ற உள்ளறைக்குச் செய்தவை. அதனால் படி 4ஐத் திருத்துகிறேன்: ஒரே மவுத்பீஸில் ஒரு பதிவு, அகன்ற அறை மவுத்பீஸில் இன்னொரு பதிவு. என் புஷரை அப்படி ஒரு வாய்ப்புக் கொடுக்காமலே விற்றுவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பின்சேர்க்கை 2: பார்சலில் கீ வளைந்து போய்ச் சேர்ந்ததாக இன்னொருவர் எழுதியிருந்தார். அனுப்பும் முன் திறந்து நிற்கும் கீகளை மூடி, கார்க் ஆப்பு வைத்துக் கட்டுங்கள். நெக்கையும் மவுத்பீஸையும் பெல்லுக்குள் போடாமல் தனித்தனியாகச் சுற்றுங்கள். பெட்டிக்குள் சாக்ஸ் ஆடவே கூடாது. அந்தப் பெட்டியை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் நான்கு விரற்கடை அளவு பஞ்சு அடையுங்கள்.