தொண்டை கட்டு என்று தள்ளிப்போடாதீர்கள்: குரல்நாண் கோளாறில் நாம் செய்யும் தவறுகள்

குரல் கம்மினால் நம் பக்கத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால், அப்புறம் சித்தரத்தை, அப்புறம் மெடிக்கலில் "தொண்டை கட்டியிருக்கு" என்று சொல்லி வாங்கும் மூன்று நாள் ஆண்டிபயாடிக், அதற்கும் அடங்கவில்லை என்றால் தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. ஈ.என்.டி. டாக்டர் நினைவுக்கு வருவதற்குள் சித்திரை போய் ஆடி வந்துவிடும். பாலையும் சித்தரத்தையையும் நான் குறை சொல்லவில்லை, சளி பிடித்து வந்த கம்மலுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் குரல்நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். நீங்கள் குடிப்பது போவது உணவுக்குழாயில். குடிக்கிற எதுவும் குரல்நாணைத் தொடாது, தொட்டால் புரையேறி இருமித் தள்ளிவிடுவீர்கள்.

இந்த வரிசையில் பெரிய தவறு, யாருமே உள்ளே பார்க்காமல் வைத்தியம் நடப்பதுதான். திடீரென வரும் கம்மல் பெரும்பாலும் வைரஸால் வருவது, ஓரிரு வாரத்தில் தானே போய்விடும், ஆண்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. மூன்று நான்கு வாரம் தாண்டியும் குரல் திரும்பவில்லை என்றால் குரல்நாணைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர், கழுத்தில் கட்டி தெரிகிறவர், சளியில் ரத்தம் வருகிறவர், விழுங்க வலிக்கிறவர், காரணமில்லாமல் எடை குறைகிறவர், கழுத்தில் ஆபரேஷன் ஆனபின் குரல் மாறியவர், இவர்கள் அந்த நான்கு வாரமும் காத்திருக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பார்ப்பது அப்படி ஒன்றும் பெரிய சடங்கு இல்லை. தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்ப்ரே அடிப்பார்கள், சில நிமிஷத்தில் மரத்துப்போகும். நாக்கை ஒரு துணியால் பிடித்து முன்னே இழுத்து, கம்பி போன்ற ஸ்கோப்பை வாயில் விட்டு "ஈ... சொல்லுங்க" என்பார்கள். குமட்டல் அதிகம் உள்ளவர்களுக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். 1854-ல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பல் வைத்தியர் வைத்திருக்கும் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துக்கொண்டு தன் குரல்நாணைத் தானே பார்த்துவிட்டார். நாம் இன்னும் வெளியிலிருந்து டார்ச் அடித்து "தொண்டை சிவந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். டார்ச்சில் தெரிவது உள்நாக்கும் டான்சிலும்தான். குரல்நாண் அதற்கும் கீழே, கண்ணுக்கு நேராகத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே மாதிரி கரகரக்கும் ஐந்து பேருக்கு ஐந்து வியாதி இருக்கலாம். வகுப்பில் கத்திக் கத்திப் பாடம் நடத்தும் டீச்சருக்கு இரண்டு குரல்நாணிலும் காய்ப்புப் போல சின்ன முடிச்சு. கூத்துக்காரருக்கு ஒரு பக்கம் மட்டும் பாலிப் என்ற சதை வளர்ச்சி. பல வருஷம் பீடி குடித்தவருக்குக் குரல்நாணே ஊதிப்போயிருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். இன்னொருவருக்கு டி.பி. ஐந்தாமவருக்குக் குரல்நாணில் ஒன்றுமே இல்லை, அதை அசைக்கும் நரம்பு வேலை செய்யவில்லை. காதால் கேட்டு இதைப் பிரிக்க முடியாது, எவ்வளவு அனுபவப்பட்ட டாக்டராக இருந்தாலும்.

பார்க்காமல் கொடுக்கும் மருந்தில் எனக்கு அதிகம் பயம் ஸ்டீராய்டு. வீக்கத்தைக் குறைத்துக் குரலைக் கொஞ்சம் திறந்துவிடும், அதனால் ஆளும் சந்தோஷமாகப் போய்விடுவார். உள்ளே இருப்பது டி.பி.யாக இருந்தால் அது சத்தமில்லாமல் வளரும். குரல்வளை டி.பி. நம் நாட்டில் அபூர்வமில்லை, பெரும்பாலும் நுரையீரல் டி.பி.யோடு சேர்ந்தே வரும், இருமலில் மற்றவருக்கும் பரவும். ஸ்கோப்பில் சில சமயம் புற்றுநோய் போலவே தெரியும், அதனால் சளிப் பரிசோதனையும் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதும் வேண்டும். டி.பி. என்று உறுதியானால் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், குரலும் பெரும்பாலும் தேறிவிடும். சதை எடுத்துப் பார்த்தால் புற்று பரவிவிடும் என்று பயந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். பரவாது. ஓடுகிற மாதங்களில்தான் வியாதி முற்றும்.

புற்றுநோய் என்றதும் குரலே போச்சு என்று நினைப்பதும் தவறு. குரல்நாணில் வரும் புற்று ஒரு வகையில் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, கடுகளவு இருக்கும்போதே குரலை மாற்றிவிடும். அந்த நிலையில் பிடித்தால் கதிர்வீச்சு மட்டுமோ லேசர் மட்டுமோ போதும், குணமாகும் வாய்ப்பு மிக அதிகம், குரலும் தங்கும். குரல்வளையையே எடுக்க வேண்டி வருவது பெரும்பாலும் தாமதமாக வருகிறவர்களுக்கு. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் வீடுகள் நிறைய, பீடி கையெட்டும் தூரத்திலேயே இருக்கும், "பீடி குடிக்கிறவன் குரல் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவதும் சுலபம். அப்படி விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ஸ்கேன். "எதுக்கு குழாய் எல்லாம், நேரா சி.டி. எடுத்துடலாம்" என்று சிலர் கேட்டு வாங்குகிறார்கள். குரல்நாணின் மேல்தோலில் உள்ள சின்ன மாற்றமும் அது அதிரும் விதமும் ஸ்கேனில் தெரியாது, காசுதான் போகும். ஸ்கோப்பில் பார்த்து ஒரு பக்கம் அசையவில்லை என்று தெரிந்தால் அப்போது ஸ்கேனுக்கு வேலை உண்டு. அதையும் கழுத்தோடு நிறுத்தக் கூடாது, நெஞ்சு வரை எடுப்பார்கள். காரணம், இடது பக்கக் குரல்நாணுக்கான நரம்பு நேராக வருவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. நுரையீரல் புற்று, நெஞ்சில் டி.பி. நெறிக்கட்டி, வால்வு கெட்டு வீங்கிய இதயம், எது அழுத்தினாலும் குரல் காற்றாகப் போகும். தொண்டைக்குப் போய் நெஞ்சில் வியாதி கண்டுபிடித்துத் திரும்புகிறவர்கள் உண்டு.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் காற்றடித்து, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்றால், "நரம்பு தானா வரும், ஒரு வருஷம் பாருங்க" என்ற பேச்சோடு வீட்டில் உட்காரக் கூடாது. நரம்பு மாதக்கணக்கில் மெல்லத் தேறலாம் என்பது நிஜம். அதுவரை சும்மா இருக்க வேண்டும் என்பது நிஜமில்லை. அசையாத குரல்நாணில் ஊசி மூலம் ஒரு பொருளைச் செலுத்தி நடுவுக்குத் தள்ளினால் குரலும் விழுங்குவதும் சீக்கிரமே மேம்படும். நரம்பு கடைசிவரை தேறவில்லை என்றால் நிரந்தரமாகத் தள்ளி வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. 1974-ல் ஜப்பானிய டாக்டர் இஷிகி எழுதிவைத்த முறை. பெரும்பாலும் இடத்தை மட்டும் மரக்கவைத்து, நோயாளியைப் பேசச் சொல்லிக் குரலைக் கேட்டுக்கொண்டே செய்வார்கள்.

இனி கூத்துக்காரர்கள். பங்குனியில் தொடங்கி ஆடி வரை வடாற்காட்டில் எங்கேயாவது பாரதக் கூத்து நடந்துகொண்டே இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு வேஷம் கட்டி ஏறினால் விடியும் வரை உச்சக் குரல்தான். மைக் வந்தபிறகும் யாரும் குரலை இறக்கவில்லை. ஒரு வசனத்தை ஓங்கிச் சொன்ன அதே நொடியில் குரல் பட்டென்று போனால், குரல்நாணில் ரத்தம் கட்டியிருக்கலாம். அதற்கு வைத்தியம் முழு மௌனம். நாளைக்குக் கடைசி நாள், துரியோதனன் படுகளம் என்று ஊசி போட்டுக்கொண்டு மறுபடி ஏறினால் அது தழும்பாகவோ பாலிப்பாகவோ நின்றுவிடும். இன்னொன்று, குரல் போனவர் குசுகுசுவென்று பேசுவது. அது ஓய்வு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், பலருக்கு அதில்தான் தொண்டை அதிகம் இறுகுகிறது. பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் வரச்சொல்லி, சாதாரணக் குரலில் மெதுவாகப் பேசுங்கள். தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்வதும் இரண்டு நாணையும் மோதவிடுவதுதான். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

டீச்சர்களின் முடிச்சுக்கு ஆபரேஷன் கேட்டு அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் ஸ்பீச் தெரபியிலேயே கரையும், வெட்டி எடுத்துவிட்டு அதே வகுப்பில் அதே மாதிரி கத்தினால் மறுபடி வரும். பாலிப், நீர்க்கட்டி இவை வேறு, அவற்றுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டும், வாய் வழியாகவே செய்வார்கள், கழுத்தில் கீறல் இல்லை. நம்மவர்கள் தெரபிக்கு ஒரு தடவை போய்விட்டு "பேசத்தான் சொல்லித் தராங்க, மருந்தே இல்ல" என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பேச்சுதான் மருந்து. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வரும்படி "ஊ..." என்று ஊதச் சொல்வார்கள், பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் குரல்நாண் அழுத்தமில்லாமல் அதிரப் பழகுவது அதில்தான். வாராவாரம் போய்ப் பழகினால்தான் பலன். இடுப்பில் கட்டும் சின்ன மைக் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வயதாகியும் பெண்குரலில் பேசும் பையனைக் கிண்டல் செய்வதும், ஹார்மோன் ஊசி தேடி அலைவதும் இன்னொரு தவறு. பெரும்பாலும் உடம்பில் குறை எதுவும் இருக்காது, குரல்நாண் பழைய பழக்கத்தை விடவில்லை, அவ்வளவுதான். சில தெரபிகளிலேயே கனத்த குரல் வந்துவிடும், அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது.

சின்ன விஷயங்கள் இரண்டு. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவுடன் வாய் கொப்பளிக்காவிட்டால் தொண்டையில் பூஞ்சை வந்து குரல் கம்மலாம். ஸ்கோப்பே பார்க்காமல், வயிற்று அமிலம் ஏறித்தான் குரல் கம்முகிறது என்று மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்து, வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜில் தங்கி சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்டுகிறார்கள். நாம் அரை மணி பஸ் தூரத்தில் இருந்துகொண்டு தள்ளிப்போடுகிறோம். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. போனால் குரல்நாண் வீடியோவைக் கேட்டு உங்கள் ஃபோனில் ஏற்றி வாங்கிக்கொள்ளுங்கள். "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தும் குரல் சரியில்லை என்றால் ஸ்ட்ரோப் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். குரல்நாண் பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல், பெண்களுக்கு இருநூறு வாக்கில் அதிர்கிறது, சாதா வெளிச்சத்தில் வெறும் மங்கலாகத்தான் தெரியும். ஸ்ட்ரோப் விளக்கு அந்த அதிர்வை மெதுவாக்கிக் காட்டும், முடிச்சா நீர்க்கட்டியா தழும்பா என்பது அதில்தான் பிரியும். வேறு டாக்டரிடம் போகும்போது பழைய வீடியோவையும் காட்டுங்கள்.