பஞ்சாப் வண்டிக்குச் சிவகங்கை எண்

பதான்கோட்டில் படைப் பணியில் இருந்தபோது கடனில் வாங்கிய பைக் அது. காரைக்குடிக்கு மாற்றல் வந்ததும் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் அனுப்பிவிட்டேன். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு.

கடனை எப்போதோ அடைத்திருந்தேன். ஆனால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. அதை நீக்காமல், பழைய மாநிலம் தர வேண்டிய தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பித்து இரண்டு மாதத்தை வீணாக்கினேன். முதலில் கடன் முடிந்ததாக வங்கி கையெழுத்திட்ட படிவம் 35, அதன் பிறகே சான்றுக்கான படிவம் 28. இந்த வரிசை மாறவே கூடாது.

படிவம் 28-இல் சேஸிஸ் எண்ணின் (வண்டிச் சட்டத்தில் பொறித்த எண்) பென்சில் அச்சும் வேண்டும். வீட்டு முகப்பில் வண்டியை நிறுத்தி, அப்பச்சி டார்ச் பிடிக்க, கைப்பிடிக்குக் கீழே இருந்த கிரீஸைத் துணியால் துடைத்தேன். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தபோது எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மூன்று பிரதிகளுக்கும் அச்சு எடுத்துப் பழைய யூனிட் நண்பருக்கு அனுப்பினேன். அவர்தான் அங்கே அலைந்து சான்றை வாங்கித் தந்தார். அந்த உதவியை மறக்க மாட்டேன்.

இங்கே புதிய எண்ணுக்கான படிவம் 27, மாற்றல் உத்தரவு, முகவரிச் சான்று, காப்பீடு ஆகியவற்றைக் கொடுத்து, வண்டியின் வயதுக்கேற்ற வரியைக் கட்டியதும் டிஎன் 63 எண் கிடைத்தது.

புதிதாக வண்டி வாங்கும் படைவீரர்கள் 2021-இல் வந்த பிஎச் (பாரத்) பதிவெண் வரிசையை விசாரியுங்கள். மாநிலம் மாறினாலும் எண் மாறாது.