கார் இன்ஜினைக் கழுவாதீர்கள், துடையுங்கள்: வீட்டிலேயே செய்ய ஒரு செய்முறை

தெருவோரம், மரத்தடியில் நிறுத்துகிற காரின் பானெட்டைத் திறந்தால் புழுதி, எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த வேப்பிலை, மூலையில் எலிப்புழுக்கை என்று எல்லாம் இருக்கும். வாட்டர் வாஷ் கடையில் விட்டால் பிரஷர் கன்னால் அடித்து, சில இடங்களில் மேலே டீசலும் பீய்ச்சிப் பளபளவென்று தருவார்கள். அந்தப் பளபளப்பு ஒரு வாரம் நின்றால் பெரிது. டீசல் ஈரத்தில் புழுதி முன்பைவிடக் கெட்டியாக ஒட்டும், ரேடியேட்டர் ஹோஸ் ரப்பர் ஊறி உப்பும். பிரஷரில் போன தண்ணீர் வயர்களை இணைக்கும் கப்ளர்களுக்குள் தங்கி, உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் பச்சை பூக்க வைக்கும். வீட்டில் நாமே செய்தால் ஒரு சின்ன காருக்கு 1 லிட்டர் தண்ணீர் போதும்.

இந்த முறை சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தம். அதை சர்வீஸ் சென்டருக்கே விட்டுவிடுங்கள்.

எப்போது செய்யலாம்?

காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, நிழலில். ஓட்டிவிட்டு வந்திருந்தால் பானெட்டைத் திறந்து வைத்துக் குறைந்தது 2 மணி நேரம் ஆற விடுங்கள். சூடான இன்ஜினில் கிளீனர் உடனே காய்ந்து வெள்ளைத் திட்டாகப் படியும். சூடேறிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழவும் வாய்ப்புண்டு.

என்னென்ன வேண்டும்?

ஆல் பர்பஸ் கிளீனர், 2 ஸ்பிரே பாட்டில், 4 அல்லது 5 மைக்ரோஃபைபர் துணி, பழைய டூத் பிரஷ், 2 இன்ச் பெயின்ட் பிரஷ், 10-ஆம் நம்பர் ஸ்பேனர், பாலிதீன் கவர்கள், ரப்பர் பேண்டு, கையுறை, மாஸ்க். பெயின்ட் பிரஷின் தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அது பெயின்ட்டைக் கீறும்.

சாதாரண அழுக்குக்கு 1 பங்கு கிளீனர், 10 பங்கு தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக்கு 1-க்கு 4. பாட்டில் லேபிளில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது. ரப்பர் கெடுவது ஒருபுறம், ஆவியில் தீப்பிடிக்கும். காஸ்டிக் கலந்த கிளீனர் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும்.

முதலில் உலர்ந்த குப்பை

எலிப்புழுக்கை இருந்தால் உலர்வாகத் தட்டிக் கூட்டாதீர்கள். எலிச் சிறுநீர், புழுக்கை வழியே நோய்கள் பரவும், எலிக்காய்ச்சல் அதில் ஒன்று. கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் கிளீனரை லேசாகத் தெளித்து நனைத்து, காகிதத்தால் ஒற்றி எடுத்துக் கவரில் கட்டிப் போடுங்கள். இன்ஜின் மேல் மூடிக்கு அடியில் பஞ்சு, தேங்காய் நார் கொண்டு எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸாஸ்ட் அருகில் அது இருந்தால் தீயே பிடிக்கலாம். கடித்த வயர் கண்ணில் பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியன் சரிசெய்த பிறகு தொடரலாம்.

வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் இலைச் சருகு சேர்ந்திருக்கும். இரு ஓரங்களிலும் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. அவை அடைத்தால் மழைத் தண்ணீர் காருக்குள் கால்மிதிக்கே வந்துவிடும். மற்ற எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்

சாவியை ஆஃப் செய்து, காருக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் உரசினால் ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும். மைனஸ் கழன்றுவிட்டால் அந்த ஆபத்து இல்லை. மாட்டும்போது தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். ஸ்டீரியோவுக்குத் திருட்டுத் தடுப்பு ரகசிய எண் (கோடு) இருந்தால் கழற்றுமுன் அதைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் மூட வேண்டும்?

அவசரப்பட்டு இந்த இடத்தில்தான் கோட்டை விடுவார்கள். முதலில் செல்போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு, பெல்ட் ஓடும் பக்கத்தில் உருண்டையான அலுமினிய உடம்பும், இடுக்குகள் வழியே செம்புக் கம்பிச் சுருளும் தெரிகிற, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கவரால் மூடுங்கள். அடுத்து ஃப்யூஸ் பாக்ஸ், பல கார்களில் பேட்டரி பக்கத்திலேயே இருக்கும் ஈசிஎம் பெட்டி (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய், பெட்ரோல் கார்களில் இன்ஜின் தலையில் வரிசையாக நின்று ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள். ஆயில் மூடி, டிப்ஸ்டிக், கூலன்ட் மூடி எல்லாம் இறுக்கமாக இருக்கட்டும். பிரேக் ஆயில் டப்பா மூடியை இரண்டு முறை பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்புறம் பிரேக்கே பலவீனமாகும். எத்தனை கவர் போட்டீர்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

துடைப்பது

இன்ஜின் இருக்கும் இடம் முழுவதையும் ஒரே நேரத்தில் நனைக்காமல் நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், தகரப் பகுதிகளில் மட்டும் நேராகத் தெளிக்கலாம். வயரிங், கப்ளர் பக்கம் வந்தால் கிளீனரைத் துணியில் தெளித்துத்தான் துடைக்க வேண்டும். 2 நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் எடுங்கள். துணியை அடிக்கடி மடித்துச் சுத்தமான பக்கத்துக்கு மாற்றுங்கள். கடைசியில் மற்றொரு பாட்டிலில் வெறும் தண்ணீரைத் தெளித்து ஒருமுறை துடைத்தால் கிளீனர் மிச்சம் போய்விடும்.

பெல்ட்டில் எதுவும் படக்கூடாது. பானெட்டின் அடியில் உள்ள மெத்தை போன்ற விரிப்பை நனைத்தால் தண்ணீர் குடித்துத் தொங்கிவிடும், வேக்குவம் மட்டும் போடுங்கள். ரேடியேட்டர் ஃபின்கள் நகம் பட்டாலே வளையும் அளவுக்கு மெல்லியவை, அழுத்தித் தேய்க்காதீர்கள்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பிளஸ்ஸையும் கழற்றிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைப்பது நின்றால் அமிலம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கரைசல் செல் மூடிகளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணிலும் தெறிக்கக் கூடாது. துடைத்து உலர்த்துங்கள். கடைசியில் பேட்டரியை மாட்டி முறுக்கிய பின் மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

உலர்த்தி, ஸ்டார்ட் செய்வது

உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஏர் புளோயர் இருந்தால் இடுக்குகளில் காட்டுங்கள். பானெட்டைத் திறந்தபடி 1 மணி நேரம் விடுங்கள். பிறகு எண்ணி வைத்த கவர்கள் அத்தனையும் வந்துவிட்டனவா, உள்ளே துணி எதுவும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். மறந்த ஒரு கவர் எக்ஸாஸ்டில் உருகும், அல்லது பெல்ட்டில் சிக்கும்.

ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல், ஓட விடுங்கள். லேசாக நீராவி கிளம்புவதும், பேட்டரி கழற்றியதால் ஐடில் சற்று ஏறி இறங்குவதும் தானாகச் சரியாகும். பெல்ட் ஈரத்தால் கீச்சிட்டாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும். ஆனால் இன்ஜின் உதறி, செக் லைட் விட்டுவிட்டு எரிந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். காயில் குழிக்குள் தண்ணீர் போய் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும், அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். காயிலை உருவி, குழியையும் ரப்பரையும் முழுதாக உலர்த்திவிட்டு மாட்டுங்கள். செல்ஃபே சுற்றவில்லை என்றால் அநேகமாக டெர்மினல் சரியாக முறுக்கப்படவில்லை.

பிளாஸ்டிக் கறுப்பாக மின்ன வேண்டுமென்றால் தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங்கை (பிளாஸ்டிக் பாலிஷ்) துணியில் எடுத்துப் பூசலாம். தேங்காய் எண்ணெய் தடவுவோர் உண்டு. அது புழுதிக்குப் போடுகிற பசை.

ஒரு 100 கிலோமீட்டர் ஓடியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவர் ஓரத்தில் புதிதாக எண்ணெய் ஈரம் தெரிந்தால் அதன் அடைப்பான கேஸ்கட் போகிறது. ஹோஸ் மூட்டுகளில் பச்சையோ இளஞ்சிவப்போ பொருக்குத் தட்டியிருந்தால் கூலன்ட் கசிகிறது, மெக்கானிக்கிடம் காட்டும்வரை நீண்ட தூரம் எடுத்துப் போகாதீர்கள்.