கருக்கல் நேரத்தில் விமானம் இறக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஓட்டப் படிக்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பிள்ளைகள் வெளியூர்ப் பயிற்சிப் பள்ளிகளுக்குத்தான் போகிறார்கள். நானும் அப்படிப் போனவன். ஊருக்கு வரும்போது யோசனை கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் பேசுவது சாயங்காலக் கருக்கல் நேரத்துத் தரையிறக்கத்தைப் பற்றித்தான், ஏனென்றால் அதில் பட்டவன் நான்.

மாணவனாக இருந்தபோது செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். எரிபொருள் நிரப்பத் தாமதமாகி, புறப்படவே ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. 5,000 அடியில் இறக்கைமேல் மஞ்சள் வெயில் கிடந்தது. நேரம் இருக்கிறது என்றே நம்பினேன். இறங்க இறங்க, கீழே வீடுகளில் விளக்கு எரிந்தது. ஓடுபாதை சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடந்தது, தார் எங்கே தொடங்குகிறது என்றே கண்ணுக்குப் பிடிபடவில்லை. தரை வந்துவிட்டது என்று விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். இன்னும் பத்தடிக்கு மேல் இருந்திருக்கிறது. வேகம் குறைந்து பொத்தென்று விழுந்து துள்ளியது. பதறிப்போய், மூக்கை ஏற்றி இறக்கும் பிடியான கன்ட்ரோலை முன்னால் தள்ளினேன். முன்சக்கரம் முதலில் இடித்தது. ப்ரொப்பெல்லர் நுனி தாரில் உரசி வளைந்தது. எனக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அந்த உரசல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று செய்த முதல் தவறு, மேலே இருந்த வெளிச்சத்தை நம்பியது. 5,000 அடி உயரத்தில் சூரியன் தரையைவிட நான்கைந்து நிமிடம் பிந்தித்தான் மறையும். மருந்துவாழ்மலை உச்சியில் சாயங்காலம் நின்றவர்களுக்கு இது தெரியும்: பாறையில் வெயில் இருக்கும், கீழே தென்னந்தோப்புக்குள் இருட்டு கட்டியிருக்கும். அதோடு நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். கண்ணால் பார்த்து ஓட்டும் விமானங்கள் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பிறகு பொதுவாகப் பறக்கக் கூடாது என்று இந்திய விதி சொல்கிறது. பலர் அந்த 20 நிமிடத்தையும் தங்களுக்குக் கிடைத்த நேரமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் படியில் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் வேண்டும். போன் வெளிச்சத்தை ஒருதடவை பார்த்தாலே அது கெட்டுவிடும். மேற்கு நோக்கி இறங்குவதென்றால், விமானத்தின் முன்கண்ணாடியில் ஒட்டிய தூசிகூட சூரியனுக்கு எதிரே வெள்ளைத் திரையாகிவிடும். புறப்படும் முன்பே துடைத்துவிடுங்கள்.

கடலுக்கு மேலாகவோ விளக்கில்லாத பொட்டலுக்கு மேலாகவோ வந்தால், ஓடுபாதை விளக்கு மட்டும் தனியாகத் தெரியும். அப்போது உயரமாக இருப்பதுபோல் தோன்றி, தெரியாமலே தாழ்ந்து வருவோம். சரியான உயரத்தில் இறங்குகிறோமா என்று காட்ட ஓடுபாதை ஓரம் வைத்திருக்கும் பாப்பி (PAPI) விளக்கு இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிய வேண்டும். நான்கும் சிவப்பானால் ஆபத்தான தாழ்வு. அது இல்லாத இடத்தில் ஓடுபாதையை நெருங்கும் ஒவ்வொரு கடல் மைலுக்கும் 300 அடி என்று உயரமானியைப் பார்த்து இறங்குங்கள்.

துள்ளிவிட்டால் கன்ட்ரோலை முன்னால் தள்ளவே கூடாது. மூக்கை நிலையாகப் பிடித்து, முழு த்ராட்டில் கொடுத்து (எஞ்சினுக்கு முழு வேகம்), வேகம் வந்தபின் ஃப்ளாப்பை, அதாவது இறக்கையின் பின்னால் இறக்கிவைத்த மடிப்பை, படிப்படியாக ஏற்றி, மறுபடி மேலே ஏறி மறுசுற்று போங்கள். அதற்குள் இன்னும் இருட்டிவிடுமே என்றுதான் நான் தயங்கினேன். அதனால் இப்போது யாருக்கும் நான் சொல்லும் கணக்கு: சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சக்கரம் தரையில் இருக்க வேண்டும். அதற்கு வழியில்லாமல் பிந்திவிட்டால், விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, பயிற்சியாளருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு, அந்த ஊரிலேயே இரவு தங்குங்கள்.