கபடி தெரிந்தவர்களுக்கு அமெரிக்கக் கால்பந்து

புதுச்சேரி உப்பளம் மைதானத்தையோ கடலூர் அண்ணா விளையாட்டு அரங்கையோ மாலை வேளையில் கடந்து செல்பவர்களுக்குக் கால்பந்து என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கக் கால்பந்தைப் பார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார்கள். பந்து எப்போதும் கையிலேயே இருக்கிறது. சில விநாடிகள் ஓடியதும் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். விசில் ஊதியதும் எழுந்து, கூடி நின்று பேசத் தொடங்குகிறார்கள். கால்பந்தின் ஓயாத ஓட்டத்தை எதிர்பார்ப்பவருக்கு இது தடங்கலாகத் தெரிவது இயல்பே. என் அனுபவத்தில், இந்த ஆட்டத்தை விரைவில் பிடித்துக்கொள்பவர்கள் கால்பந்து ரசிகர்கள் அல்லர், கபடி பார்த்து வளர்ந்தவர்களே.

கபடியில் ரெய்டு போகிறவர் நடுக்கோட்டைத் தாண்டுகிறார், தொட்டுவிட்டுத் திரும்புகிறார் அல்லது பிடிபடுகிறார். அத்துடன் அந்த ரெய்டு முடிந்து, இரு அணியினரும் தத்தம் இடத்துக்குத் திரும்புகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தும் இப்படித் தனித்தனி முயற்சிகளால் ஆனதுதான். இரு அணிகளும் பந்து இருக்கும் இடத்தில் ஒரு கற்பனைக் கோட்டின் இருபுறமும் எதிரெதிரே நிற்கும். நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னால் இருப்பவரிடம் தருவார். இதற்கு ஸ்னாப் என்று பெயர். பந்தை வைத்திருப்பவர் வீழ்த்தப்பட்டாலோ எல்லைக்கோட்டுக்கு வெளியே போனாலோ, எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தாலோ அந்த முயற்சி முடிந்தது. கபடியில் நடுக்கோடு நகராது. இங்கே அந்தக் கோடு பந்து போன இடத்துக்கெல்லாம் போகும். ஓட்டமும் எறிதலும் மோதலும் இந்தக் கோட்டை எதிரியின் பக்கம் தள்ளிக்கொண்டே போவதற்காகத்தான்.

எவ்வளவு தள்ள வேண்டும் என்பதே ஆட்டத்தின் மூல விதி. ஓர் அணிக்கு 4 முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முயற்சி ஒவ்வொன்றும் டவுன் எனப்படும். ஒன்பது கஜப் புடவை என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதே கஜம்தான். அந்தப் புடவையை நீளவாக்கில் விரித்து இன்னும் ஒரு கஜம் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவு தரையை வென்றாக வேண்டும். 10 கஜம் கடந்துவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கி, புதிதாக 4 டவுன்கள் கிடைக்கும். கடக்க முடியாவிட்டால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும்.

திரையின் ஓரத்தில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் காட்டப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலாவது எத்தனையாவது டவுன் என்பது. இரண்டாவது இன்னும் எத்தனை கஜம் தேவை என்பது. முதல் டவுனில் 3 கஜம் ஓடினால் அடுத்தது “இரண்டாவது டவுன், 7 கஜம்”. அதில் எறிந்த பந்து தரையில் விழுந்தால் “மூன்றாவது டவுன், 7 கஜம்”. பிறகு 8 கஜம் கிடைத்துவிட்டால் மீண்டும் “முதல் டவுன், 10 கஜம்”. இந்தக் கணக்கை மட்டும் ஒரு முழுப் போட்டிக்குச் சொல்லிக்கொண்டே பார்த்தால் போதும். மற்ற விதிகள் தாமாகவே வந்து சேரும் என்பது நான் பலருக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தொலைக்காட்சியில் தரையின் மேல் தெரியும் மஞ்சள் கோடு, அந்த 10 கஜம் எங்கே முடிகிறது என்பதைக் காட்ட 1998 முதல் கணினியால் வரையப்பட்டு வருவது. மைதானத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

களத்தின் நீளம் 100 கஜம். இரு முனைகளிலும் 10 கஜ ஆழத்தில் எண்ட் ஜோன் என்ற பகுதி இருக்கும். அகலம் 160 அடி. கோடுகளின் எண்கள் 10, 20 என்று 50 வரை ஏறி, நடுவைத் தாண்டியதும் மறுபடி இறங்கும். ஆகையால் “30ஆவது கோடு” என்று கேட்டால் யாருடைய பக்கத்து 30 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது டவுன்தான் இந்த ஆட்டத்தின் நெஞ்சு. புரோ கபடியில் இரண்டு ரெய்டுகள் வெறுமனே போய்விட்டால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் ரெய்டர் வெளியேற வேண்டும். அந்த ரெய்டுக்கு அரங்கமே எப்படி மூச்சைப் பிடித்துக்கொள்கிறதோ, அதே நிலைதான் இங்கும். ஆனால் இங்கே தப்பிக்க வழிகள் உண்டு. இலக்குக் கம்பங்கள் எட்டும் தொலைவில் இருந்தால் பந்தை அவற்றின் நடுவே உதைத்து 3 புள்ளிகள் எடுக்கலாம். இது ஃபீல்டு கோல். தொலைவு அதிகமென்றால் பந்தை 40, 50 கஜத்துக்கு அப்பால் உதைத்து, எதிரணியை அதன் சொந்த முனைக்கு அருகிலிருந்து தொடங்க வைக்கலாம், இது பண்ட். இரண்டும் வேண்டாம் என்று துணிந்து முயன்று தோற்றால், பந்து நின்ற இடத்திலேயே எதிரணி அதைப் பெறும். பயிற்சியாளரின் துணிவும் அச்சமும் வெளிப்படும் இடம் இது என்பதால், நான் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடுவதில்லை.

பந்தை எதிரியின் எண்ட் ஜோனுக்குள் கொண்டுசேர்ப்பது டச் டவுன், 6 புள்ளிகள். பெயரைப் பார்த்துப் பந்தைத் தரையில் தொட வைக்க வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓடுகிறவர் கையில் இருக்கும் பந்தின் நுனி எண்ட் ஜோன் தொடங்கும் கோட்டுக்கு மேலே உள்ள வெளியைத் தொட்டாலே போதும். அதன் பின் உதைத்து 1 புள்ளியோ, மீண்டும் ஒருமுறை எண்ட் ஜோனுக்குள் கொண்டுசேர்த்து 2 புள்ளிகளோ எடுக்கலாம். தன் சொந்த எண்ட் ஜோனுக்குள்ளேயே பந்துடன் வீழ்த்தப்பட்டால் எதிரணிக்கு 2 புள்ளிகள் கிடைக்கும், இது அரிது.

அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பார்கள். தாக்குவதற்கு ஒரு 11, தடுப்பதற்கு வேறொரு 11, உதைப்பதற்கென்று தனி ஆட்கள் என்று அணி பிரிந்திருக்கும். தாக்கும் அணியின் மூளை குவார்ட்டர்பேக். ஸ்னாப்பில் வரும் பந்தை வாங்கி, ரன்னிங் பேக்கிடம் ஓடக் கொடுப்பதா, தூரத்தில் ஓடும் ரிசீவருக்கு எறிவதா என்பதை நிறைவேற்றுபவர் அவரே. அவருக்கு முன்னே அரணாக நிற்கும் ஐந்து பெரிய உடல்காரர்களைத் தொடக்கத்தில் யாரும் கவனிப்பதில்லை. பந்தைத் துரத்தும் கண்ணை இரண்டு விநாடி நிறுத்தி, இந்த ஐவரைப் பாருங்கள். அவர்கள் பின்னோக்கி நகர்ந்தால் எறிதல் வரப்போகிறது. முன்னோக்கிப் பாய்ந்தால் பெரும்பாலும் ஓட்டம்.

முன்னோக்கிப் பந்தை எறிவது தொடக்கத்தில் அனுமதிக்கப்படவில்லை. கும்பலாக மோதி முன்னேறும் முறையால் கல்லூரி ஆட்டங்களில் வீரர்கள் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 1905இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் விதிகள் மாறி, முன்னோக்கி எறிவது ஏற்கப்பட்டது. இன்றும் ஒரு முயற்சியில் ஒரே ஒரு முறைதான், அதுவும் முயற்சி தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலிருந்துதான், முன்னோக்கி எறிய முடியும். எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன். ஓடுகிறவர் கையிலிருந்து நழுவினால் ஃபம்பிள், அதை யார் எடுத்தாலும் அவர்களுக்குச் சொந்தம்.

அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். போட்டியில் 15 நிமிடங்கள் கொண்ட 4 கால்பகுதிகள். எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். பின்தங்கிய அணி இறுதியில் ஓயாமல் எறிவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படி நின்று நின்று ஓடுவதால் 60 நிமிட ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும். தவறுகளுக்கு நடுவர் மஞ்சள் துணியை வீசி, 5, 10 அல்லது 15 கஜம் என்று தரையாகவே தண்டனை தருவார். இங்கே அபராதமும் நிலக்கணக்கில்தான். பிப்ரவரியில் நடக்கும் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை 5 மணிக்குத் தொடங்கும். வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்களும் முதல் பாதியையாவது நிம்மதியாகப் பார்க்கலாம்.

பார்ப்பதோடு நிற்காமல் ஆடவும் விரும்புபவர்கள், தலைக்கவசமும் தோள் கவசமும் இல்லாமல் மோதி வீழ்த்தும் முறையில் ஒருபோதும் இறங்கக் கூடாது. கவசம் அணிந்தவர்களுக்கே மூளைக் காயம் நேரும் ஆட்டம் இது. அதற்கு மாற்றாக ஃப்ளாக் கால்பந்து இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறவிருக்கும் இந்த வடிவத்தில் அணிக்கு 5 பேர். இடுப்பின் இருபுறமும் தொங்கும் பட்டையை உருவினால் பந்து வைத்திருப்பவர் பிடிபட்டதாகக் கணக்கு. கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விடியற்காலையில் ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும்போது, 50 தப்படி நடந்து நீளத்தையும் 25 தப்படி நடந்து அகலத்தையும் அளந்து, அலை ஏறாத ஈர மணலில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டால் பழகுவதற்குப் போதுமான களம் ஆகிவிடும். பட்டைக்குப் பழைய துண்டைக் கிழித்துச் செருகிக்கொள்ளலாம்.

நீள்வட்டப் பந்தை எறியும்போது விரல்கள் தையல் மேல் படிய வேண்டும். ஆள்காட்டி விரல் நுனிப்பக்கம் இருக்க, பந்து கடைசியாக அந்த விரலை உரசிக்கொண்டு சுழன்று வெளியேற வேண்டும். பிடிக்கும்போது, மார்புக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்களையும், இடுப்புக்குக் கீழே வருவதற்குச் சுண்டுவிரல்களையும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் பத்தடி இடைவெளியில் இருவர் நின்று இதை மட்டும் பழகுங்கள். பந்து தள்ளாடாமல் சுழன்று போகத் தொடங்கிய பிறகு ஓரோர் அடியாகப் பின்வாங்கலாம்.