வேலை நாளில் பழைய கில்ட்

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும், முழங்கால் வரை வரும் கொசுவம் வைத்த கம்பளி உடை. அங்கே அது இன்று பெரும்பாலும் திருமண உடுப்பாகிவிட்டது. எட்டு கஜத் துணி, குட்டையான கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பித்தான்கள் என்று வாடகைக்கு எடுத்து, மறுநாள் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மாடு ஓட்டவும் மழையில் நடக்கவும் உடுத்திய துணிக்கு இந்த நிலை வந்ததில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. நான் எடின்பரோவில் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக, வாரத்தில் மூன்று நாளேனும் கில்ட் உடுத்தித்தான் வேலைக்குப் போகிறேன். அதுவும் பழைய வகைக் கில்ட். அப்படி உடுத்த விரும்புகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கில்ட் என்று தீர்மானியுங்கள். மூத்தது ஃபேல மோர், அதாவது பெரிய கில்ட். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதைப் பற்றிய குறிப்புகள் வந்துவிடுகின்றன. கைத்தறியில் இரண்டடிச் சொச்சம் அகலத்துக்குத்தான் துணி வரும். அப்படி இரண்டு துண்டுகளை நீளவாக்கில் இணைத்து, நாலைந்து கஜ நீளத்தில் இடுப்பில் கொசுவி, பெல்ட்டால் இறுக்கி, மீதியைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். இரவில் அதுவே போர்வை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்பாதியை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் உடுத்தும் வழக்கம் பரவியது. அது ஃபேல பெக், சின்னக் கில்ட். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்டில், க்ளென்கேரி என்ற இடத்தில் இரும்பு உருக்காலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் தம் வேலையாட்களுக்காக இதை உண்டாக்கினார் என்று ஒரு கதை இருக்கிறது. அவருக்கு முன்பே இது இருந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. யார் தொடங்கினாலும் காரணம் ஒன்றுதான்: குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும்போது மேல்துணி இடைஞ்சல். அந்தக் காரணம் புத்தக அலமாரிக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆகவே வேலைக்குச் சின்னக் கில்ட், மலைக்குப் பெரிய கில்ட் என்று பிரித்துக்கொண்டேன்.

சின்னக் கில்ட்டில் நான் வற்புறுத்திச் சொல்வது நாலு கஜக் கில்ட். கொசுவத்தைத் தைத்து நிலைப்படுத்திய கில்ட்களில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழையவை 1790-களைச் சேர்ந்தவை. அவற்றில் துணி ஏறக்குறைய நாலு கஜம்தான். கொசுவங்கள் பெட்டி மடிப்பாக, அகலமாகத் தட்டையாகப் படிந்திருக்கும். ஒரே பக்கமாகச் சாயும் நெருக்கமான மடிப்பும் எட்டு கஜமும் 19-ஆம் நூற்றாண்டில் பின்னால் வந்தவை. துணியின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். எட்டு கஜக் கில்ட் பதினாறு அவுன்ஸ் துணியில் இரண்டு கிலோவை நெருங்கும். நாலு கஜம் அதில் பாதி. நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருகிறவருக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும், ஏனென்றால் பின்புறத்தில் மடிப்பு திண்டுபோலக் குவியாது. ஆனால் துணியின் கனத்தில் சிக்கனம் வேண்டாம். மடிப்பு குறைவாக இருப்பதால் பத்து அவுன்ஸ் துணி காற்றில் நிற்காது. பதின்மூன்று அவுன்ஸாவது வேண்டும். பதினாறு இன்னும் நல்லது.

அளவு கொடுக்கும்போது காற்சட்டை அளவைச் சொல்லிவிடாதீர்கள். நான் முதல் கில்ட்டுக்கு அந்தத் தவற்றைத்தான் செய்தேன். எங்கே அளந்தேன் என்று தையல்காரரும் கேட்கவில்லை. வந்த கில்ட் இடுப்பெலும்பில் தொங்கி முழங்காலை மூடியது. கில்ட் தொப்புள் உயரத்தில், விலா எலும்புக்குக் கீழே உள்ள ஒடுங்கிய இடையில் இறுகி உட்கார வேண்டும். கீழ் விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்கட்டும். நீளத்தை நீங்களே குனிந்து அளக்காதீர்கள். நேராக நின்று வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பற்றிப் பலர் தயங்குகிறார்கள். கில்ட் துணியின் வண்ணக் கட்ட வடிவத்துக்கு டார்ட்டன் என்று பெயர். “எனக்கு ஸ்காட்டிஷ் குலம் இல்லையே, எந்த டார்ட்டன் அணியலாம்?” என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறார்கள். இதில் சட்டம் எதுவும் குறுக்கே நிற்பதில்லை. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற கறாரான பட்டியல் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் ஏற்பாடு. பிளாக் வாட்ச் டார்ட்டன் எல்லோருக்கும் பொது. கரும்பச்சையும் கருநீலமும் கலந்திருப்பதால் அலுவலகத்திலும் கண்ணை உறுத்தாது. அரச குடும்பத்துக்கென ஒதுக்கிய பால்மோரல் டார்ட்டனை மட்டும் மரியாதைக்காக விட்டுவிடுங்கள். கட்டமே வேண்டாம் என்றால் சாயம் போடாத சாம்பல் கம்பளி இருக்கிறது. என்னிடம் உள்ள மூன்றில் அதிகம் தேய்ந்தது அந்தச் சாம்பல் கில்ட்தான்.

மேலுக்கு என்ன அணிவது? இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கில்ட் ஒன்றே பழையதாக இருக்கட்டும், மற்றதெல்லாம் இந்த வாரத்து உடைகளாக இருக்கட்டும். ஒரே நிறத்தில் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ட்வீட் கோட்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே மடித்துவிட்ட சாம்பல் காலுறை, அன்றாடம் அணியும் தோல் பூட்ஸ் போதும். கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டும் காலணியும் லேஸ் வைத்த சட்டையும் சேர்ந்தால் நாடகத்துக்குப் புறப்பட்டதுபோல் ஆகிவிடும். இடுப்புக்கு முன்னால் தொங்கவிடும் பையான ஸ்போரன் சாதாரண பழுப்புத் தோலில் இருக்கட்டும். கில்ட்டில் பை கிடையாது என்பதால் சாவியும் போனும் பஸ் அட்டையும் அதற்குள்தான். முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு துணிமுனைகளில், மேலே உள்ளதில் மட்டும் கில்ட் ஊசியைக் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். காலுறையில் செருகும் ஸ்கீயன் டூ கத்தியைத் தேசிய உடையின் பகுதியாக வைத்திருக்க ஸ்காட்லாந்துச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் வேலை நாளில் அது வீட்டிலேயே இருக்கட்டும். விமானத்தில் கையோடு கொண்டுபோகவே முடியாது. உள்ளாடை அணியுங்கள். படிக்கட்டும் காற்றும் உள்ள ஊரில் அது உடன் இருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை.

உட்காருவதைப் பழக வேண்டும். புறங்கையால் பின் கொசுவங்களைத் தடவித் தொடைக்குக் கீழே படியவிட்டு உட்காருங்கள். பிறகு ஸ்போரனைத் தொடைகளுக்கு நடுவில் இறக்கிவிட்டால் முன்துணி அந்தக் கனத்தில் அமர்ந்துவிடும். ஒரு வாரத்தில் கை தானாகவே போகும். நார்த் பிரிட்ஜ் பாலத்தில் காற்று பலமாக அடிக்கும் நாளில் தனிக் கவனம் தேவை. முன்புறத்தை ஸ்போரன் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், பறப்பது பின்புறம்தான். முதுகுப் பையின் வாரைத் தளர்த்தி, பை கொசுவத்தின் மேல் படியும்படி இறக்கிக்கொள்வேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பெரிய கில்ட். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் நாலு கஜம் போதும். கட்டிலின் மேல் பெல்ட்டைக் குறுக்கே வையுங்கள். அதன்மேல் துணியை, அதன் நீளம் பெல்ட்டின் போக்கிலேயே வரும்படி விரித்து, இரு முனையிலும் முன்துணிக்கு வேண்டிய அளவை விட்டுவிட்டு, நடுப்பகுதியைக் கட்டத்துக்கு ஒன்றாகக் கொசுவிக்கொண்டே வாருங்கள். கொசுவம் உங்கள் முதுகின் அகலத்துக்குச் சுருங்க வேண்டும். அதன்மேல் மல்லாந்து படுங்கள்; கீழ் விளிம்பு முழங்காலின் பின்மடிப்புக்கு நேராக இருக்கட்டும். வலது முனையை முதலில் மூடுங்கள், இடது முனையை அதன்மேல் கொண்டுவந்து பெல்ட்டை இறுக்குங்கள். எழுந்து நின்றால் மேல்பாதி பாவாடைபோலச் சுற்றிலும் தொங்கும். பின்புறத் துணியைத் திரட்டி இடது தோளில் ஊசியால் குத்துங்கள். முன்னால் தொங்கும் முனைகளை பெல்ட்டில் செருகினால் இரண்டு பக்கமும் ஆழமான பைகள் உண்டாகும். ரொட்டியும் வரைபடமும் அதில் அடங்கும். மழை வந்தால் ஊசியைக் கழற்றித் தலைவரை இழுத்துக்கொள்ளலாம். எடின்பரோவுக்கு அருகே உள்ள பென்ட்லண்ட் குன்றுகளில் முதன்முதலாக அப்படி நின்றபோது, இந்தத் துணியை இத்தனை நூற்றாண்டு மக்கள் விடாமல் பிடித்திருந்த காரணம் எனக்கு உடம்பிலேயே புரிந்தது. தினமும் படுத்து எழ முடியாதவர்கள், கொசுவத்துக்கு ஒன்றாக உட்புறம் சிறு வளையங்கள் தைத்து அவற்றில் கயிறு கோத்துக்கொள்ளலாம். நின்றபடியே கட்டிவிட முடியும். தோள்முனையைக் குத்தாமல் பஸ்ஸில் ஏறாதீர்கள். என் துணியின் முனை ஒருமுறை கதவில் சிக்கி, ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

வழியில் சிலர் கேலியாகப் பேசலாம். அதிகம் வருவது கேள்விகள்தான், பெரும்பாலும் அன்பான கேள்விகள். ஹைலண்ட் மக்கள் பலர் சேர்ந்திருந்த கிளர்ச்சியை அரசுப் படை ஒடுக்கிய கலோடன் போருக்குப் பிறகு, 1746-இல் வந்த சட்டம் ஹைலண்ட் உடையை ஆண்களுக்குத் தடைசெய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். 1782-இல்தான் தடை நீங்கியது. இதைக் கேட்ட பிறகு, வழக்கமாகக் கிண்டலோடு தொடங்குகிறவர்களும் துணியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். தொட அனுமதிப்பது உங்கள் விருப்பம். யாரும் கேட்காமல் கை வைத்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

கம்பளியை அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை. நனைந்து வந்தால் சூடேற்றியின் அருகே போடாமல் அறைக் காற்றில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் தூரிகையால் சேற்றைத் தட்டிவிடலாம். உலர் சலவைக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு கொசுவத்தையும் நீளமான ஓட்டுத் தையலால் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் மடிப்பு இடம் மாறித் திரும்பி வரும். கோடையில் அந்துப்பூச்சி வரும். மாதம் ஒருமுறை கொசுவங்களைப் பிரித்து உட்புறத்தைப் பாருங்கள். முட்டை வைப்பது அந்த இருட்டில்தான். ஹைலண்ட் பகுதியில் புதர்ச்செடிகளுக்கு நடுவே காலை மூடாமல் நடந்தீர்களானால், வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறத்தையும் தொடையையும் உண்ணி இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் சோதியுங்கள். லைம் நோய் அதன் கடியால்தான் பரவுகிறது.