'பிப்' மறுக்கப்பட்டால்: மேல்முறையீட்டில் நாம் விடும் பிழைகள்

இங்கிலாந்தில் நீண்டகால நோயோடு வாழ்கிறவர்களுக்குக் கிடைக்க வேண்டிய அரசு உதவித்தொகை 'பிப்' (PIP, Personal Independence Payment). அது மறுக்கப்பட்டதும் நம்மவர்கள் எழுதும் கடிதத்தில் நோயின் பெயர் இருக்கும், எத்தனை வருடமாக வருத்தம், எத்தனை மாத்திரை என்ற விவரம் இருக்கும். பெரிய பிழை இதுதான். நோயின் பெயருக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. சமைப்பது, குளிப்பது, உடுப்பது போன்ற 10 அன்றாட வேலைகளிலும், நடமாட்டம் தொடர்பான 2 விஷயங்களிலும் உங்களால் எது முடியவில்லை என்பதற்குத்தான் புள்ளி. ஒரு பிரிவில் 8 புள்ளி வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை.

சட்டம் 'முடியும்' என்று எதை ஏற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு வேலையை ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். நோயில்லாத ஒருவருக்கு அதிகபட்சம் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உங்களுக்கு எடுத்தால் அது முடியாததாகவே கணக்கு.

மூட்டுவாதம் உள்ள ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். மதிப்பீட்டில் "சமைப்பீர்களா?" என்று கேட்கிறார்கள். "ஓம், சமைப்பேன்" என்கிறார். வீட்டில் நடப்பது வேறு. மரக்கறி வெட்டித் தருவது மகள். சோற்றுப் பானையை இறக்கி வடிப்பது கணவர். இவர் ஸ்டூலில் இருந்தபடி கறியைக் கிளறுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. முடியாது என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். ஆனால் அறிக்கையில் 'தானே சமைக்கிறார்' என்று பதிவாகி, புள்ளி பூச்சியமாகிவிடும். ஸ்டூல் இல்லாமல் சமைக்க முடியாது என்றாலே 2 புள்ளி, இன்னொருவர் உதவி தேவை என்றால் 4. குடும்பம் செய்வதைக் கடமை என்று நினைத்து மறைத்துவிடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அதுவும் உதவிதான்.

வருத்தம் ஏறி இறங்குகிறவர்கள் நாட்களைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் சிரமம் இருந்தால்தான் பொதுவாகப் புள்ளி. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்கிறவர் அந்த மூன்று நாளை மட்டும் எழுதினால் பாதிகூட வராது. மறுநாள் காலையும் எழும்ப முடியாமல் கிடப்பதை எழுதினால் கணக்கே மாறிவிடும். இரண்டு மூன்று வாரம் நாட்குறிப்பு எழுதி அனுப்புங்கள்.

முடிவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், முடிவெடுத்த அரசுத் துறையிடம் (DWP) மறுபரிசீலனை கேட்க வேண்டும். கடிதம் கைக்கு வந்த நாளை வைத்து எண்ணாதீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தது போன்ற தக்க காரணம் இருந்தால், பிந்தினாலும் 13 மாதம் வரை கேட்கலாம். அதற்கு முன் மதிப்பீட்டாளரின் அறிக்கையைத் தொலைபேசியில் கேட்டு வாங்குங்கள். அதில் பிழையாக உள்ள ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதுவது, பொதுவாக மனக்குறையை எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

மறுபரிசீலனையிலும் 'இல்லை' என்று வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. அதே துறை தன் முடிவையே பார்ப்பதுதான் மறுபரிசீலனை. அடுத்த படியான தீர்ப்பாயம் தனியானது, கட்டணம் இல்லை. வழக்கமாக ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், இயலாமை பற்றி அறிந்த ஒருவர் என மூவர் கேட்பார்கள். விசாரணைக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முடிவு சாதகமாக மாறுகிறது. இங்கும் ஒரு மாதமே அவகாசம். காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுங்கள் என்று சொல்லாமல், நேரிலோ தொலைபேசியிலோ பேசும் விசாரணையைக் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதைப் படிவத்திலேயே குறியுங்கள், இலவசமாகத் தருவார்கள். மொழிபெயர்க்க வந்த பெற்ற பிள்ளைக்கு முன்னால் கழிப்பறைச் சிரமத்தை யாரால் மனம் திறந்து சொல்ல முடியும்?

இரண்டு எச்சரிக்கைகள். முடிவு எடுத்த நாளில் உங்கள் நிலை எப்படி இருந்தது என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்கும்; அதன்பின் வருத்தம் கூடியிருந்தால் துறைக்குத் தனியாக அறிவிக்க வேண்டும். ஏற்கெனவே ஓரளவு தொகை கிடைக்கிறவர்களுக்கு, தீர்ப்பாயம் அதைக் குறைக்கவும் கூடும். அதனால் மனுப் போடுமுன் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' போன்ற இலவச ஆலோசனை நிலையத்தில் கடிதத்தையும் அறிக்கையையும் ஒருமுறை காட்டுங்கள்.